கம்பியும் கைவினைஞரும்: தென்னாபிரிக்கக் கம்பிக்கலை குறித்துச் சில விமரிசன நோக்குகள்

ஆபிரிக்கக் கலை பற்றி மேனாட்டார் எழுதிய நூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வந்தவை முகமூடிகளும் மரச்சிற்பங்களும் வெண்கல வார்ப்புகளுமேயாகும். அண்மைத் தசாப்தங்களில் அவற்றோடு வேறொரு வகையும் சேர்ந்துள்ளது. நிறந்தீட்டியது போல் ஒளிரும் தொலைபேசிக் கம்பித் தட்டுகள், வேலிக் கம்பியை வளைத்துச் சிறுவர் செய்யும் மோட்டார் வண்டிகள், மணிகள் கோக்கப்பட்ட கம்பி யானைகள், ஒட்டகச்சிவிங்கிகள் என்பன அருங்காட்சியகங்களையும் விமான நிலையக் கடைகளையும் ஒருங்கே அடைந்துள்ளன. இவற்றைப் போற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே தொடரையே கையாளுகின்றனர். 'கழிவிலிருந்து பிறந்த கலை' என்பதே அத்தொடர். பிறர் எறிந்ததை எடுத்து, வறுமையினூடே அழகு சமைத்த எளிய மக்களின் கைவண்ணம் என்பது அதன் விரிவு.

இப்பாராட்டுக் கேட்பதற்கு இனியது. ஆயினும் இது கலைப்பொருளைப் பற்றி எதனையும் கூறுவதில்லை என்பதோடு, அதனைச் செய்தவரைப் பற்றித் தவறான எண்ணமொன்றையும் தருகின்றது. கம்பி தென்னாபிரிக்க மக்களுக்கு எப்பொழுது, எவ்வழியாக, எவருடைய தேவைக்காக வந்து சேர்ந்தது என்ற வினாவை எழுப்பாது, அவர் கையிலிருந்த கம்பியைக் 'கழிவு' எனக் கொள்வது வரலாற்றை மறப்பதாகும். சூலு மக்களின் தொலைபேசிக் கம்பிப் பின்னலை முதன்மையாக எடுத்துக்கொண்டு, ஏனைய வகைகளை அதனோடு ஒப்புநோக்கி, இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கம்பியின் தொன்மையை நோக்குவோம். சம்பேசி ஆற்றை அண்டி, இன்றைய சாம்பியாவிலுள்ள இங்கொம்பே இலேடே என்னுமிடத்தில், 1960 ஆம் ஆண்டு நீர்த்தாங்கி அமைப்பதற்கான வேலைகளின்போது பழைய புதைகுழிகள் வெளிப்பட்டன. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடைய அக்குழிகளிற் செப்புக் கம்பியாலான வளையங்களும், சிலுவை வடிவச் செப்புப் பாளங்களும் கிடைத்தன. இவற்றினும் முக்கியமாக, உலோகத்தை இழுத்துக் கம்பியாக்கும் கருவிகளும் அங்கு இறந்தோருடன் வைக்கப்பட்டிருந்தன. ஒருவருடைய தொழிற்கருவியை அவருடனேயே புதைக்கும் சமூகம் அத்தொழிலை அற்பமாகக் கருதியிருத்தல் இயலாது. லிம்போப்போ ஆற்றங்கரையிலுள்ள மப்புங்குப்வேயில், பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அரச புதைகுழிகளிலே தங்கத்தகட்டாலான புகழ்பெற்ற காண்டாமிருக உருவத்துடன் தங்கக் கம்பி வளையங்களும் காணப்பட்டன. எனவே, உலோகத்தை மெல்லிய இழையாக இழுத்து, அவ்விழையைச் சுற்றியும் பின்னியும் அணியாக்கும் அறிவு இப்பிராந்தியத்திலே ஐரோப்பியர் வருகைக்கு நெடுங்காலம் முற்பட்டது.

ஐரோப்பிய வணிகம் இவ்வறிவை உண்டாக்கவில்லை. அதற்கு வேண்டிய மூலப்பொருளின் வரத்தை மாற்றியது. இன்றைய மப்புட்டோ நகர் அமைந்துள்ள டெலகோவா விரிகுடா வழியாகப் பித்தளை உள்நாட்டுக்குச் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சூலு அரசிலே பித்தளை மன்னரின் கட்டுப்பாட்டுக்குட்பட்ட மதிப்புப் பொருளாயிருந்தது. பித்தளைக் கைக்கவசம் அரசன் வழங்கும் சிறப்பாயிருந்தது. அந்நூற்றாண்டிலே செய்யப்பட்ட குமிழ்த்தலைத் தடிகளும் மூக்குத்தூட் குடுவைகளும் ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் உள்ளன. அவற்றின் மேற்பரப்பிற் பித்தளைக் கம்பியும் செப்புக் கம்பியும், துணிநெசவு போன்று, குறுக்கும் நெடுக்குமாய் மிக நெருக்கமாக இழைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒளிரும் ஒரு நிறத்தையும் மங்கிய மற்றொரு நிறத்தையும் மாற்றிமாற்றி இழைத்து முக்கோணங்களும் பட்டைகளும் ஆக்கும் உத்தி அங்கேயே நிறைவு பெற்றுவிட்டது. தடியில் உலோகம் இழைத்தல் பெரும்பாலும் ஆடவர் தொழிலாகவும், மணிவேலை பெண்டிர் தொழிலாகவும் வழங்கியமையும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பின்னர் நாம் காணவிருக்கும் மாற்றமொன்றுக்கு இது அடிப்படையாகும்.

இனித் தொலைபேசிக் கம்பிக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே டேர்பன், ஜொகானஸ்பேர்க் ஆகிய நகரங்களில் இரவுக் காவலாளராய்த் தொழில்புரிந்த சூலு ஆடவர் தம் கைத்தடிகளிற் சிறுசிறு நிறக்கம்பித் துண்டுகளைச் சுற்றத் தொடங்கினர் என்பது இக்கலை வரலாற்றை எழுதிய யாவரும் ஒப்பும் செய்தி. பலர் இதனைத் தற்செயலான பொழுதுபோக்கு என்பர். ஆனால், இரவுக் காவலாளி என்பவன் யார்? 1913 ஆம் ஆண்டின் நிலச்சட்டம் நாட்டின் நிலத்திற் சுமார் 7 சதவீதத்தை மட்டுமே கறுப்பு மக்களுக்கென ஒதுக்கியது. 1936 இல் அது சுமார் 13 சதவீதமாக உயர்த்தப்பட்டது. நிலமும் வரிப்பணமும் இன்றிக் கிராமத்தில் வாழவியலாத ஆடவன் நகருக்கு வந்தான். நகரில் அவன் தங்குவதற்கு விடுதியும், நடமாடுவதற்கு அனுமதிச் சீட்டும் வேண்டியிருந்தன. அச்சீட்டு முறை 1986 வரை நீடித்தது. மனைவி மக்களைக் கூட்டிவர அவனுக்கு உரிமையிருக்கவில்லை. வெள்ளையரின் உடைமையை இரவெல்லாம் காத்த அவனுக்குக் கொடுக்கப்பட்ட ஆயுதம், அவன் பாட்டன் கையிலும் இருந்த தடியே. அத்தடியிலே பாட்டன் பித்தளை இழைத்தான். பேரன் தொலைபேசிக் கம்பி இழைத்தான். உத்தி பழையது, கம்பி மட்டுமே புதியது. இத்தொடர்ச்சியைக் காணாதவர்க்கே அது பொழுதுபோக்காகத் தோன்றும்.

தடியிலிருந்து இப்பின்னல் 'இம்பெங்கே'க்குச் சென்றது. இம்பெங்கே என்பது மதுக்கலயத்தின் மூடி. சூலு இல்லங்களில் இறுங்கிலிருந்து காய்ச்சப்படும் மது 'உக்காம்பா' எனப்படும் கரிய மட்கலயத்தில் வைத்துப் பரிமாறப்படும். முன்னோர்க்குப் படைத்தலும் விருந்தினரை வரவேற்றலும் அக்கலயமின்றி நிகழா. தூசும் பூச்சியும் விழாதபடி அதனை மூடுவதற்குப் புல்லாலும் ஓலையாலும் ஆழமற்ற தட்டுப் போன்ற மூடி பின்னப்பட்டது. ஈழத்து வழக்கிற் பன்னவேலை எனப்படுவதனோடு ஒப்பிடத்தக்க வேலை அது. புல்லுக்குப் பதிலாகத் தொலைபேசிக் கம்பி கொண்டு இம்மூடியைப் பின்னியபோதுதான், இன்று உலகம் அறிந்த வட்டத்தட்டு உருவாயிற்று.

மதுவை மூடும் பொருள் என்ற செய்தியை ஏறக்குறைய எல்லா எழுத்தாளரும் குறிப்பிடுகின்றனர். எனினும், டேர்பன் நகரில் அம்மதுவுக்கிருந்த அரசியலைத் தட்டோடு சேர்த்து நோக்குவார் குறைவு. 1908 இல் நேற்றால் குடியேற்ற நாட்டில் இயற்றப்பட்ட சட்டமொன்றின் துணையுடன், டேர்பன் மாநகராட்சி இறுங்கு மதுவைக் காய்ச்சி விற்கும் தனியுரிமையைத் தனதாக்கிக்கொண்டது. பெண்டிர் தம் வீட்டில் மது காய்ச்சி நகரில் விற்பது குற்றமாயிற்று. மாநகராட்சியின் மதுச்சாலைகளிலே தொழிலாளர் செலவிட்ட பணத்தைக் கொண்டே அத்தொழிலாளரை அடைக்கும் விடுதிகளும், அவரைக் கட்டுப்படுத்தும் நிர்வாகமும் நடத்தப்பட்டன. 'டேர்பன் முறை' எனப் பெயர்பெற்று இவ்வேற்பாடு பிற நகரங்களுக்கும் பரவியது. 1959 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே கேற்றோ மனர் பகுதிப் பெண்டிர் மதுச்சாலைக்குள் நுழைந்து ஆடவரை வெளியேற்றி மதுவைக் கொட்டிய கிளர்ச்சி, இம்முறைக்கு எதிராக எழுந்தது. 1860 இல் ட்றூரோ கப்பலிற் சென்னையிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளரின் இறங்குதுறை என்றே டேர்பனை அறிந்துள்ள தமிழ் வாசகர், அந்நகரின் மறுபக்க வரலாறாக இதனையும் அறிதல் வேண்டும். கேற்றோ மனர் மக்கள் 1958 முதலாகப் பெயர்த்து அனுப்பப்பட்ட குவாமாஷு என்னும் குடியிருப்பும், அதனை அடுத்துப் பின்னர் எழுந்த சியண்டா என்னும் சேரிப்பகுதியுமே, தொலைபேசிக் கம்பிப் பின்னலின் முதன்மையான களமாயின.

இவ்வளவும் தெரிந்த பின்னர் கம்பி இம்பெங்கேயை எடுத்து நோக்கினால் அது வேறு பொருளாகத் தெரியும். வீட்டில் மது காய்ச்சுவதைக் குற்றமாக்கிய நகரத்திலே, வீட்டு மதுக்கலயத்தின் மூடியை ஒருவன் இரவெல்லாம் விழித்திருந்து பின்னுகிறான். அதனை அவன் ஊருக்குக் கொண்டுசெல்வான், அல்லது விற்பான். இதனை நேரடியான எதிர்ப்புக் கலை எனக் கொள்வது மிகைப்படக் கூறலாகும். அவ்வாறு கொள்வதற்கு ஆதாரமில்லை. ஆனால், தன் இல்லத்திலிருந்து பிரிக்கப்பட்டவன் அவ்வில்லத்தின் நடுப்பொருளை நினைந்து செய்த வேலை இது என்பதில் ஐயமில்லை. அத்தட்டை அருங்காட்சியகச் சுவரில் ஆணியடித்து நிறுத்தும்போது கலயம் மறைகின்றது. கலயத்தோடு இந்நினைவும் மறைகின்றது.

கலைவடிவம் என்ற முறையிலும் இத்தட்டுகளை ஆராய்தல் வேண்டும். சமூகப் பின்னணியை மட்டும் கூறிக் கலையாக்கத்தைக் கூறாதொழிவது நம்மிடையேயுள்ள விமரிசகர் சிலரின் குறைபாடு. பின்னல் இருவகைப்படும். ஒன்று வன்கம்பிப் பின்னல். தடித்த கம்பியை நடுவிலிருந்து சுருளாக வளைத்து, ஒவ்வொரு சுற்றையும் முன்னைய சுற்றோடு நிறக்கம்பியாற் பிணைத்துச் செல்வது இது. மற்றையது மென்கம்பிப் பின்னல். பல நிறக்கம்பிகளை நடுவிலே தொடங்கி, கிண்ணம் போன்ற அச்சொன்றின்மேல் இறுக்கிப் பின்னிக்கொண்டு விளிம்பை நோக்கிச் செல்வது இது. இரண்டிலும் வேலை மையத்திலிருந்தே தொடங்குகிறது. இதனால் விளையும் கட்டுப்பாடு பெரிது. ஓவியன் தன் தளத்தின் எப்பகுதிக்கும் மீண்டுவந்து திருத்தலாம். பின்னுபவன் கடந்த சுற்றுக்குத் திரும்புதல் இயலாது. பத்தாம் சுற்றிலே நிகழவிருக்கும் வடிவத்தை இரண்டாம் சுற்றிலேயே அவன் மனத்திற் கொண்டிருத்தல் வேண்டும். நிறத்துக்கு நிறம் மாறும் இடத்தை எண்ணிக்கையாற் காத்தல் வேண்டும். மையத்திலே விரலகலமுள்ள கதிர் விளிம்பை அடையும்போது கையகலமாகும். இவ்விரிவை அடக்கியாளத் தெரியாதவரின் தட்டிலே கோலம் சிதறும்; தெரிந்தவரின் தட்டிலே அது சுழல்வது போன்ற தோற்றம் தரும். இச்சுழற்சியே மென்கம்பித் தட்டுகளின் தலையாய அழகு எனலாம்.

நிறங்களைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 'ஆபிரிக்கருக்கு இயல்பாயுள்ள பளிச்சிடும் வண்ணங்களின் மீதான விருப்பு' என இத்தட்டுகளைப் பற்றி எழுதுவோர் உளர். இது நகைப்புக்கிடமானது. ஒரே வடத்துள் நெருங்கிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான கம்பிகளுள் எது எந்த இணைப்புக்குரியது எனத் தொழிலாளி அறியும்பொருட்டு, தொலைபேசிப் பொறியியலாளர் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் அல்லது இரு நிறப் பட்டை வகுத்தனர். கண் மயங்காதிருக்க வேண்டுமென்பதற்காகவே ஒன்றோடொன்று முரணும் நிறங்கள் தெரியப்பட்டன. அந்நிறங்களைச் செப்பின்மேல் உறையாகப் போர்த்துவதும் பிளாத்திக்குக் காப்புறை பரவலாகிய உலகப் போருக்குப் பிற்பட்ட காலத்திலேயே இயன்றது. ஆகவே, பின்னுபவர் கைக்கு வந்த நிறத்தொகுதி பொறியியலாளரின் தெரிவு. பின்னுபவரின் கலை, முரணுவதற்காக வகுக்கப்பட்ட அந்நிறங்களை ஒன்றோடொன்று இயையச் செய்ததிலே உள்ளது. வெள்ளையும் கருமையும் இடையிட்டு அவர்கள் சிவப்பையும் மஞ்சளையும் அடக்கியமையும், இரு நிறப் பட்டையுள்ள கம்பியை இடைநிறம் போற் பயன்படுத்தியமையும் நுணுகிக் காணத்தக்கவை.

கோலங்களோடு நில்லாது உருவங்களும் காலப்போக்கிற் புகுந்தன. வீடுகள், மாடுகள், மனிதர், கார்கள், வானூர்திகள், எழுத்துகள் என்பன தட்டுகளில் இடம்பெற்றன. வட்டத்தளம் மேல் கீழ் அற்றது. எனவே பல தட்டுகளில் உருவங்கள் விளிம்பைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாய் நிற்கின்றன. தட்டைச் சுழற்றினாலன்றி முழுக்காட்சி பெறப்படாது. சுவரில் மாட்டினால் அரைவாசி மனிதர் தலைகீழாகவே நிற்பர். கையில் ஏந்திச் சுழற்றிப் பார்ப்பதற்கு அமைந்த பொருள் இது என்பதை இதனினும் தெளிவாய் எவரும் உணர்த்துதல் கூடாது.

இம்மாற்றங்களைச் சந்தையினின்று பிரித்து நோக்குதல் இயலாது. டேர்பனில் 1959 இல் தோற்றம்பெற்ற ஆபிரிக்கக் கலை நிலையம் இத்தகைய கைவினைஞரின் பொருள்களை வாங்கி விற்றுவந்தது. 1990 களிலே, பாட்டெல் கலை அறக்கட்டளை டேர்பன் துறைமுகத்தருகே அமைத்த நிலையத்தை மையமாகக் கொண்டு, மரிசா ஃபிக்-யோர்டான் என்னும் வடிவமைப்பாளர் பின்னுவோரை ஒன்றுசேர்த்துப் புதிய அளவுகளையும் வடிவங்களையும் ஊக்குவித்தார். எலியட் ம்கீசே, பெக்கி டிலாமினி முதலிய மூத்தோரின் வேலை பிறர்க்கு வழிகாட்டியாயிற்று. மூடி, கலயத்தின் வாயளவைக் கடந்து பெருந்தட்டாக விரிந்தது. கிண்ணமாகவும் குடுவையாகவும் உயர்ந்தது. ஆடவர் தொழிலாயிருந்த கம்பி இழைத்தலிற் பெண்டிர் பெருந்தொகையினராய்ப் புகுந்ததும் இக்கட்டத்திலேயே. சியண்டாவின் ஜஹேனி ம்கீசே போன்றோர் தமக்கெனத் தனிக் கைவண்ணம் உடையவராய் அறியப்பட்டனர். தடிக்கும் மணிக்கும் இடையே முன்னர் இருந்த ஆண்-பெண் தொழிற்பிரிவு உடைந்தது. உடைத்தது கொள்கையன்று, வருவாய்த் தேவையே. தொழிற்சாலைகள் ஆளைக் குறைத்த காலத்திலே பல குடும்பங்களின் அடுப்பெரிந்தது இப்பின்னலால் என்பதை மறுக்கவியலாது. சந்தை கலையைக் கெடுத்தது என ஒரே அடியாகக் கூறுவோர், அச்சந்தையின்றி இப்பெருந்தட்டுகள் தோன்றியே இரா என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

ஆனால் சந்தைக்கு மறுமுகமும் உண்டு. தொலைதூர வாசற்றலங்களின் சுவர்நிறத்துக்கு இயையுமாறு ஒருநிறத் தட்டுகளும் மங்கிய வண்ணங்களும் விரும்பப்பட்டபொழுது, மேலே கூறிய முரண்நிறங்களின் இசைவு பின்னுக்குத் தள்ளப்பட்டது. அத்தகைய தட்டுகளில் வேலை நுட்பம் குறைவில்லை. சிலவேளை மிகுதியும் கூட. இருப்பினும் அவற்றைப் பார்க்கும்போது, நன்றாகப் பாடத்தெரிந்தவர் ஒருவர் பிறர் கேட்ட பாட்டையே திரும்பத் திரும்பப் பாடும் சலிப்பே எமக்கு எழுகின்றது. உருவத்தட்டுகளிற் பின்னுபவர் தாம் கண்டதைச் சொன்னார். ஒருநிறத் தட்டில் வாங்குபவர் தாம் காண விரும்புவதைச் சொல்லுகிறார்.

பெயர் பற்றிய வினா இங்கு எழுகின்றது. 2005 இல் டேவிட் ஆமென்ற், மரிசா ஃபிக்-யோர்டான் ஆகியோர் வெளியிட்ட, சூலு தொலைபேசிக் கம்பிக் கூடைகள் பற்றிய 'வயர்ட்' என்னும் பெருநூல், பின்னுவோரைப் பெயர் சுட்டி அறிமுகப்படுத்தியமை பாராட்டுக்குரியது. 'சூலு கூடை' என இனப்பெயரால் மட்டும் வழங்கிய பொருளுக்கு ஆக்கியோன் பெயர் கிடைத்தது அற்ப மாற்றமன்று. எனினும், அந்நூலை எழுதியவர் ஒருவர் சேகரிப்பாளர்; மற்றவர் வடிவமைப்பாளர். பின்னுவோர் அதிலே பேசப்படுபவர், எழுதுபவரல்லர். 2024 நவம்பரிலே ஐக்கிய அமெரிக்காவின் சாந்தா ஃபே நகரிலுள்ள சர்வதேச நாட்டார்கலை அருங்காட்சியகத்தில் திறக்கப்பட்ட கம்பிக்கலைக் காட்சி, சூலு மொழியிலேயே தலைப்பிடப்பட்டு, ஆங்கிலப் பெயரை இரண்டாவதாகக் கொண்டிருந்தது. பொருளைச் செய்தவர் மொழியிலே பொருளைப் பெயரிடும் இவ்வழக்கம் வரவேற்கத்தக்கது. ஆயினும் அது நிகழ்ந்த நிறுவனத்தின் பெயரிலேயே 'நாட்டார் கலை' என்ற சொல் உள்ளது. பெயருள்ள ஒருவர், அறியப்பட்ட ஆண்டொன்றிலே, நகரத்துத் தொழிற்சாலைப் பொருளைக் கொண்டு, தனிக் கைவண்ணத்தோடு செய்ததை எவ்வகையில் நாட்டார் கலை எனலாம் என்பது விடைகாணப்படாத வினாவேயாம்.

இவ்வினாவின் கூர்மையை உணர, மேற்கு ஆபிரிக்காவின் எல் அனற்சுயியை ஒப்புநோக்குதல் பயன்தரும். 1944 இற் கானாவிற் பிறந்து, நைஜீரியாவின் ன்சுக்காப் பல்கலைக்கழகத்திற் சிற்பம் கற்பித்த அவர், சாராயப் புட்டிகளின் தகரமூடிகளைத் தட்டி மடித்து, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்துப் பெருந்திரைகளாக்குகிறார். 2015 இல் வெனிஸ் கலைவிழாவின் வாழ்நாட் சாதனைக்கான தங்கச் சிங்க விருது அவருக்கு வழங்கப்பட்டது. எறியப்பட்ட உலோகம், செப்புக் கம்பி, மது, கையால் நெய்தல் போன்ற பின்னல் ஆகிய யாவும் இம்பெங்கேயிலும் உள்ளன. எனினும் அவருடையது 'சமகாலக் கலை'. டேர்பன் பெண்டிருடையது 'கைவினை'. அனற்சுயியின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுவது எம் கருத்தன்று. அவர் திரைகளின் மடிப்பும் வீழ்வும் காட்சிக்குக் காட்சி மாறுமாறு விடப்படுதல் சிற்பக்கலையிற் பெரும் புதுமை. ஆனால் பிரிவினையை நிருணயிப்பது பொருளின் தரம் மட்டுமன்று என்பதே இங்கு வற்புறுத்தப்படுவது. பல்கலைக்கழகக் கல்வி, தன் ஆக்கத்தைப் பற்றித் தானே பேசும் வாய்ப்பு, பிறர் உழைப்பைத் தன் பெயரின்கீழ்க் கொண்டுவரும் பட்டறை என்பனவும் அதனை நிருணயிக்கின்றன. அத்திரைகளையும் உதவியாளர் பலரே பிணைக்கின்றனர். அங்கு பல கைகளுக்கு ஒரு பெயர் கிடைத்தது. சியண்டாவிலோ ஒரு கையால் முடிந்த தட்டுக்கும் நெடுங்காலம் ஒரு பெயர் கிடைக்கவில்லை.

தட்டுகளைப் போன்று பெருங்காட்சிச் சாலைகளை எட்டாத இரு வகைகள் பற்றியும் சில கூறவேண்டும். மலாவி, சாம்பியா, சிம்பாப்வே, தென்னாபிரிக்கா முதலிய நாடுகளிலே சிறுவர் தாமே கம்பியால் மோட்டார் வண்டி செய்து ஓட்டுவர். மலாவியில் மோட்டார் வண்டிக்குரிய சொல்லாகிய 'கலிமோட்டோ' என்பதையே இவ்விளையாட்டுப் பொருளுக்கும் வழங்குவர். கம்பி தேடி ஊரெல்லாம் அலையும் மலாவிச் சிறுவனொருவனைப் பற்றி 1990 இல் வெளிவந்த ஆங்கிலச் சிறுவர் நூலொன்றும் அப்பெயரைத் தாங்கியது. நீண்ட தண்டொன்றின் மேன்முனையிலே சுக்கானும் கீழ்முனையிலே முன்சில்லுகளும் பொருத்தப்பட்டிருக்கும். சிறுவன் நிமிர்ந்து ஓடியவாறே சுக்கானைத் திருப்ப, வண்டி வளைந்து செல்லும். பாதணி மெருகுத் தகரங்கள் சில்லுகளாகும். இவ்வண்டியில் உடல் இல்லை; விளிம்புகளே உள்ளன. கதவின் வரம்பு, கண்ணாடியின் சரிவு, முன்தடுப்பின் வளைவு ஆகியவற்றை மட்டுமே கம்பி வரைகிறது. இன்ன நிறுவனத்தின் இன்ன வண்டி எனக் காண்போர் சொல்லுமளவுக்கு அவ்வரைவு துல்லியமாயிருக்கும். வெளியிலே வரையப்பட்ட கோட்டோவியம் என இதனைக் கூறலாம். எம் மதிப்பீட்டிற் கம்பியின் தன்மையை முற்றும் உணர்ந்த வடிவம் இதுவே. தென்னாபிரிக்காவில் வேலிக் கம்பி பெருகியது 1912 ஆம் ஆண்டின் வேலியிடற் சட்டத்தையும் அதற்கடுத்த ஆண்டு வந்த நிலச்சட்டத்தையும் ஒட்டியே என்பதையும் நினைவிற் கொண்டால், ஒரு தலைமுறையை நிலத்தினின்று புறம்பாக்கிய கம்பியை அடுத்த தலைமுறைச் சிறுவர் சாலையில் ஓட்டிச் சென்றனர் என்பது புலனாகும்.

மற்றையது தெருவோரங்களில் விற்கப்படும் மணிகோத்த விலங்குகள். கேப் ரவுண், ஜொகானஸ்பேர்க் முதலிய நகரங்களின் சந்திகளில் இவற்றைச் செய்து விற்போரிற் பலர் சிம்பாப்வேயிலிருந்து வந்தவர்கள். இளமையிலே கம்பி வண்டி செய்து பழகிய கைகள், 2000 ஆம் ஆண்டுக்குப் பின் அந்நாட்டின் பொருளாதாரம் குலைந்தபோது எல்லை தாண்டிப் பிழைப்புத் தேடின. கேப் ரவுணில் 2000 இல் தொடங்கிய ஸ்ரீற்வயர்ஸ் போன்ற நிறுவனங்கள் கம்பி வேலைக்கு ஒழுங்கான கூலியும் இடமும் அளிக்க முயன்றன. வெளியே தெருவில் நின்றவர்களே பெரும்பாலார். அவர்கள் செய்யும் யானையும் ஒட்டகச்சிவிங்கியும், சுற்றுலாப் பயணியின் மனத்திலுள்ள ஆபிரிக்காவே அன்றி வேறல்ல. ஒரே அளவு, ஒரே நிலை, ஒரே மணிவரிசை. இங்கே கலை குன்றுவதற்குச் செய்பவரின் ஆற்றலின்மை காரணமன்று. சந்தியிலே வண்டி நிற்கும் சில கணங்களுள் விற்றாகவேண்டிய பொருள், பார்த்தவுடன் இன்னதெனத் தெரிவதாகவே இருத்தல் வேண்டும். 'தென்னாபிரிக்க நினைவுப் பொருள்' என்ற பெயரோடு அவை வெளிநாடு சென்றுகொண்டிருந்த காலத்திலேயே, 2008 ஆம் ஆண்டு மே மாதம், ஆபிரிக்க அயல்நாட்டவர்க்கு எதிரான வன்செயல்கள் தென்னாபிரிக்க நகரங்களில் வெடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பொருளை நாட்டின் அடையாளமாக ஏற்ற சமூகம், அதனைச் செய்த கையை நாட்டுக்குப் புறம்பானதாகக் கண்டது.

இறுதியாக, 'கழிவு' என்ற சொல்லுக்கு மீள்வோம். இன்று தொலைபேசிக் கம்பித் தட்டுக்குப் பயன்படும் கம்பியிற் பெரும்பகுதி எறியப்பட்டதன்று. தட்டுகளுக்குக் கேள்வி பெருகியபோது துண்டுக் கம்பி போதவில்லை. தொலைபேசி வடங்கள் களவாடப்படுதல் நாட்டின் பெரும் பிரச்சினையாயிருந்த சூழலிலே, பின்னுவோர் மீது ஐயம் விழாதிருக்கவும் வழி தேவைப்பட்டது. கம்பித் தொழிற்சாலைகளிலிருந்து புதுக்கம்பியை நேரே வாங்கும் ஏற்பாடு இவ்வாறு தோன்றியது. இதற்கிடையே தென்னாபிரிக்கத் தொலைபேசி நிறுவனம், களவும் ஒரு காரணமாக, செப்பிணைப்புகளைக் கைவிட்டு ஒளியிழைக்கும் கம்பியில்லாத் தொடர்புக்கும் மாறிவந்துள்ளது. தொலைபேசியிலே தொலைபேசிக் கம்பி அருகிவரும்போது தட்டிலே அது தொடர்கின்றது. பின்னுபவர் இன்று தம் மூலப்பொருளுக்கு விலைகொடுக்கும் உற்பத்தியாளர். தட்டின் விலையிலே கம்பிக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவு, இடைநின்று விற்பவருக்கு எவ்வளவு என்னும் கணக்கு, காட்சிச்சாலைக் குறிப்புச் சீட்டுகளில் இதுவரை இடம்பெறவில்லை. அச்சீட்டுகளிலே செய்தவர் பெயர் வருவதற்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் சென்றன.